தோட்டத்துக் கதவின் பூட்டை எடுங்கள்: முதியோர் இல்லம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இல்ல நிர்வாகத்தினருக்கு,

ஏழு மாதங்களுக்கு முன்பு தோட்டத்துக் கதவைப் பூட்டினீர்கள். உங்களிடம் தங்கியிருக்கும் பெரியவர் ஒருவர் நடைபாதையில் பெயர்ந்திருந்த கல் தடுக்கி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. இரண்டாம் நாளே கதவில் பூட்டு தொங்கியது. “அனைவரின் பாதுகாப்பையும் கருதி, மறு அறிவிப்பு வரும்வரை” என்று ஒரு தாளும் ஒட்டியிருந்தீர்கள். அந்த மறு அறிவிப்பு இன்னும் வரவில்லை. பெயர்ந்த கல்லும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலே தெரியும்.

என் அப்பா உங்கள் பராமரிப்பில் இருக்கிறார். இரண்டு முறை நேரில் வந்து பேசினேன், ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டீர்கள், மூன்று முறையும் ஒன்றும் நடக்கவில்லை. வேறு இல்லங்களில் பெற்றோரை விட்டிருக்கும் நண்பர்களிடம் சொன்னால், “எங்கள் இல்லத்திலும் அப்படித்தான்” என்கிறார்கள். ஒரு இடத்தில் மொட்டைமாடிக்குப் பூட்டு, இன்னொரு இடத்தில் முற்றத்துக்குப் பூட்டு. அதனால்தான் உங்கள் பெயரைச் சொல்லாமல், உங்களைப் போன்ற எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றி உங்கள் கோப்பில் இருப்பது இவ்வளவுதான்: வயது 81, சர்க்கரை, இரத்த அழுத்தம், லேசான மறதி. அவர் நில அளவையாளராக இருந்தவர் என்பது அதில் இல்லை. முப்பத்தைந்து வருடம் வெயிலிலும் மழையிலும் அளவுச் சங்கிலியோடு நடந்தவர். எங்கே போனாலும் காலடி எண்ணுவது அவர் பழக்கம். உங்கள் இல்லத்துக்கு வந்த முதல் வாரமே தோட்டத்தை அளந்துவிட்டார். கதவிலிருந்து மரத்தடிப் பெஞ்சுக்கு 42 காலடி, பெஞ்சிலிருந்து பின்சுவருக்கு 31. காலையில் மூன்று சுற்று, சாயங்காலம் மூன்று சுற்று, நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து யாரோடாவது பேச்சு. நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகும், என் மகன் பெயர்கூடச் சில நாள் மறந்துபோகும், ஆனால் அந்த எண்ணிக்கை மட்டும் தப்பாது. நான் போனில் கூப்பிட்டால் முதல் பேச்சே, “இன்னைக்கு ஆறு சுத்து முடிச்சாச்சு” என்பதுதான். அந்தக் குரலில் ஒரு பெருமை இருக்கும்.

பூட்டு வந்த முதல் வாரம் தினமும் கதவருகே போய், கைப்பிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார் என்று அவரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் அம்மா சொன்னார். அப்புறம் போவதையே நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரத்திலிருந்து பகலில் தூங்கத் தொடங்கினார். நான் வரும்போதெல்லாம் கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் தலை தொங்க உட்கார்ந்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அறைக் கதவைத் தட்டுவாராம். இரண்டு மாதம் இப்படிப் போனபின் உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மற்றவர்களின் தூக்கம் கெடுகிறது, தூக்க மாத்திரைக்கு ஒப்புதல் வேண்டும் என்றீர்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். மாத்திரை தொடங்கிய பதினொன்றாம் நாள் விடியற்காலையில் கழிவறையில் விழுந்தார். இடுப்பு தப்பியது, விலா எலும்பு இரண்டு முறிந்தது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் தாங்க, பத்துக் காலடி நடக்கிறார்.

யாரும் விழக் கூடாது என்றுதான் கதவைப் பூட்டினீர்கள். அவர் விழுந்தது உள்ளே, வழுக்காத தரை போட்ட கழிவறையில்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் அந்த விடியற்காலைக்குப் பிறகு, ஒரு பூட்டுக்கும் ஒரு விழுதலுக்கும் நடுவில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன், மருத்துவர்களிடம் கேட்டேன். நீங்கள் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

“உள்ளேயே வராந்தாவில் நடக்கலாமே” என்றீர்கள். நடக்கலாம்தான். ஆனால் யாரும் நடப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். இருபுறமும் அறைக் கதவுகள், போய்ச் சேர ஓர் இடம் இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை. தோட்டத்தில் பூ பூத்திருக்கிறதா, அணில் வந்ததா, பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போவார்கள். கால் தானாக நடக்கும். அந்தக் கால் ஓய்ந்தால் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 67 வயதான, நோய் எதுவும் இல்லாத 11 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும், கொழுப்பைக் கணக்கில் சேர்க்காமல், ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிருந்தது. அப்பா படுக்கையில் கிடக்கவில்லை, நாற்காலியில் இருந்தார். அது பத்து நாளில் முடியவும் இல்லை. அவரைவிடப் பதினான்கு வயது இளையவர்களுக்கே அந்தக் கதி என்றால், இவர் கழிவறை வாசலில் கால் தடுமாறியபோது சமாளித்து நிற்க எந்தச் சதை மிச்சம் இருந்திருக்கும்?

இரவில் விழித்துக்கொண்டு பகலில் தூங்குவதை “வயசானா அப்படித்தான், அதுவும் மறதிக்காரர்” என்று சொன்னீர்கள். மறதிக்காரர்களுக்குத் தூக்கம் கெடுவது உண்மைதான். ஆனால் ஆறு சுற்று நடந்த நாட்களில் அவருக்கு அது இல்லை. நம் விழித்திரையில், உருவத்தைப் பார்க்க உதவும் அணுக்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் உணர்ந்து மூளைக்குப் பகல், இரவு என்று சேதி சொல்லும் நரம்பணுக்கள் தனியாக இருக்கின்றன. பாலூட்டிகளின் கண்ணில் அவை எப்படி வேலை செய்கின்றன என்பது 2002இல்தான் தெளிவானது. தூக்கம், விழிப்பு, உடல் வெப்பம் எல்லாவற்றையும் நேரப்படி ஓட்டும் உடல் கடிகாரம், அவை தரும் சேதியைக்கொண்டுதான் தினமும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளாகிவிடுவதால், அந்த அணுக்களைத் தூண்டும் நீல வெளிச்சம் உள்ளே குறைவாகத்தான் போகிறது. ஆக, வாலிபரைவிட வயதானவருக்குத்தான் வெளிச்சம் அதிகம் தேவை. அவர்களைத்தான் நாம் குழல் விளக்குக்கு அடியில் உட்கார வைத்திருக்கிறோம்.

எவ்வளவு வெளிச்சம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு பகலில், கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை வைத்து உங்கள் கூடத்தில் அளந்தேன். அப்பாவின் நாற்காலி அருகே 140 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) காட்டியது. கைப்பேசிக் கணக்கு துல்லியமானது இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் மேகம் மூடிய நாளில்கூட வெட்டவெளியில் 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும், நல்ல வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். இந்த வித்தியாசத்துக்கு முன்னால் முன்னே பின்னே என்பதெல்லாம் ஒரு பொருட்டில்லை. நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால் கூடம் நமக்கு வெளிச்சமாகத்தான் தெரிகிறது. உடல் கடிகாரத்துக்கு அது அந்தி நேரம். விடியாத பகல், இருட்டாத இரவு. அந்த அந்தியில் ஒரு மனிதரை ஏழு மாதம் உட்கார வைத்துவிட்டு, இரவு இரண்டு மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்புகிறார் என்று குறை சொல்கிறோம்.

வெளிச்சத்தால் மட்டும் எதாவது மாறுமா என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. பெரும்பாலோர் மறதி நோய் உள்ளவர்கள். சில இல்லங்களின் கூடத்தில் பகல் முழுவதும் ஏறக்குறைய 1,000 லக்ஸ் கிடைக்கும்படி விளக்குகளைக் கூட்டினார்கள், மற்றவற்றில் 300 அளவில் விட்டுவிட்டார்கள். வெளிச்சம் கூடிய இடத்தில் நினைவாற்றல் சரிவது சற்றுக் குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. பெரிய மந்திரம் எதுவும் நடக்கவில்லை, உண்மைதான். ஆனால் அது வெறும் விளக்கு, அதுவும் 1,000 லக்ஸ். உங்கள் தோட்டத்தில் அதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் செலவில்லாமல் கொட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் நிற்பது ஒரு பூட்டு.

தூக்க மாத்திரையைப் பற்றி எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கும்தான். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிட்டு வரும் பட்டியலில், வழக்கமாகக் கொடுக்கப்படும் தூக்க மாத்திரை வகைகள் இருக்கின்றன. விழுவதும் எலும்பு முறிவதும் கூடும் என்பதும் அதற்கான காரணங்களில் ஒன்று.

அடுத்து, நீங்கள் மிகவும் பெருமையாகக் காட்டிய கண்ணாடிக் கூடம். “வெயில் உள்ளேயே வருதே, இன்னும் என்ன வேணும்?” என்றீர்கள். வெப்பம் வருகிறது. மரமும் தெரிகிறது, அது நல்லதுதான். 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பாதிப்பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப்பேருக்கு ஒரு செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலுவான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அதனால் அந்தக் கூடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் நாள் முழுக்க வெயில் காய்ந்தாலும் அந்த வைட்டமின் உருவாகாது. வயதான தோலுக்கு அதை உருவாக்கும் திறனே இளமையில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மாத்திரை கொடுக்கிறோம் என்று உங்கள் மருத்துவர் சொன்னார். சரி, கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாத்திரை கால் தசையை வளர்க்காது, பகலையும் இரவையும் பிரித்துக் காட்டாது, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பேசாது.

பேச்சு என்பதைச் சும்மா சொல்லவில்லை. கூடத்தில் இருபது பேர் இருக்கிறார்கள், எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டம் திறந்திருந்தபோது அப்பாவுக்கு மூன்று நண்பர்கள் இருந்தார்கள். இப்போது அந்த மூவரும் அதே கூடத்தில்தான் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை கிடையாது. ஏன் என்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. வெளியே பேசுவதற்கு எதாவது நடந்துகொண்டே இருந்தது என்று நினைக்கிறேன். காற்றடிக்கும், இலை விழும், மழை வருமா வராதா என்று ஒரு வாக்குவாதம் நடக்கும். பூட்டிய கூடத்தில் மழையைப் பற்றி யார் எதற்காகப் பேசப்போகிறார்கள்?

இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டுத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வில், வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே தடவையில் இருந்தாலும் பல தடவையாகப் பிரித்து இருந்தாலும் வித்தியாசம் இல்லை. வயதானவர்களிடமும், நீண்டநாள் நோய் உள்ளவர்களிடமும் அந்தத் தொடர்பு காணப்பட்டது. ஆரோக்கியமானவர்கள்தான் வெளியே அதிகம் போவார்கள் என்று நீங்கள் வாதாடலாம். நியாயமான வாதம், அந்த ஆய்வாளர்களும் அதை மறுக்கவில்லை. நான் அதை மேற்கோள் காட்டுவது அளவுக்காகத்தான். வாரத்துக்கு 120 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 17, 18 நிமிடம். இதைத்தான் கேட்கிறேன்.

இப்போது கடுமையாக ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளை ஐ.நா. பொதுச்சபை 2015இல் திருத்தி ஏற்றுக்கொண்டது. நெல்சன் மண்டேலா விதிகள் என்று அவற்றுக்குப் பெயர். அதன் 23ஆம் விதி, திறந்தவெளியில் வேலை செய்யாத ஒவ்வொரு கைதிக்கும், வானிலை இடம் கொடுத்தால், தினமும் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்தவெளியில் உடற்பயிற்சி கிடைக்க வேண்டும் என்கிறது. குற்றம் செய்தவருக்கு உலகம் ஒப்புக்கொண்ட குறைந்தபட்சம் அது. என் அப்பாவுக்கு ஏழு மாதத்தில், மருத்துவமனைக்குப் போக வண்டி ஏறிய நேரத்தைத் தவிர, ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அவர் என்ன தப்பு செய்தார்?

பூட்டுவதற்கு முன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? எனக்குத் தெரிந்து இல்லை. மணிக்கட்டு முறிந்த அந்தப் பெரியவரே, கட்டுப் பிரித்த மறுநாள் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், நினைவு தெளிவாக உள்ளவர், கைத்தடி மட்டும் வைத்திருக்கிறார். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, ஏழு மாசமா என் மேல நிஜக் காத்து படல” என்றார். அவருக்குத் தன் காலைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரியும். விழுந்துவிடக்கூடும் என்று தெரிந்தே நடக்க நினைக்கும் ஒரு வளர்ந்த மனுஷியை, அவர் நல்லதுக்கு என்று சொல்லி அடைத்து வைக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

உங்கள் உண்மையான சிக்கல் ஆள் பற்றாக்குறை என்று நினைக்கிறேன். நீங்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பார்த்தால் தெரிகிறது. பகலில் இருபது பேருக்கு மூன்று உதவியாளர்கள். அவர்கள் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அப்பாவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, திட்டினாலும் சிரித்துக்கொண்டே போகிறவர்கள் அவர்கள். யாராவது விழுந்தால் முதலில் விசாரிக்கப்படுவதும் அவர்கள்தான். அந்தப் பயத்தில் யாராக இருந்தாலும் கதவைப் பூட்டத்தான் செய்வார்கள். விழுந்தால் உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று உங்களுக்கும் பயம். அதில் எங்கள் பங்கும் இருக்கிறது. அதனால் என் பங்குக்கு இதை எழுத்தில் தருகிறேன்: அப்பா தோட்டத்தில், உங்கள் ஆள் கூட இருக்கும்போது, நடந்து விழுந்தால் நான் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் நாற்காலியில் கரைந்துபோனால் சொல்வேன்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

அந்தப் பெயர்ந்த கல்லை இந்த வாரமே சரிசெய்யுங்கள். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. நடைபாதையின் ஒரு பக்கமாவது கைப்பிடிக் கம்பி போடுங்கள். கம்பி வரும்வரை காத்திருக்காமல், கல் சரியான மறுநாளே பூட்டை எடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் இரண்டு மணி நேரமும், தணிந்தபின் மாலையில் ஒன்றரை மணி நேரமும் கதவு திறந்திருக்கட்டும். அந்த நேரத்துக்கு ஓர் உதவியாளரைத் தோட்டத்திலேயே நிறுத்துங்கள். ஆள் போதாது என்றால் எங்களிடம் கேளுங்கள். உறவினர்களில் ஒன்பது பேர் வாரம் ஒரு முறை வந்து இருக்கத் தயார் என்று ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறோம். தண்ணீரும் தொப்பியும் வாசலிலேயே இருக்கட்டும். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, அதனால் கேட்கும்வரை காத்திருக்காமல் கொடுக்க வேண்டும். யாருடைய மருந்து வெயிலோடு ஒத்துப்போகாது என்பதை உங்கள் மருத்துவர் முன்கூட்டியே குறித்துத் தரட்டும்.

எழுந்து நடக்க முடியாதவர்களை மறந்துவிடாதீர்கள். வீல்சேரில் இருப்பவர்களைத் தினமும், படுக்கையில் இருப்பவர்களைக் கட்டிலோடு வாரத்தில் சில நாளாவது, வெளியே கொண்டுவாருங்கள். உங்கள் கட்டில்களுக்குச் சக்கரம் இருக்கிறது, கதவும் அகலமானதுதான், நான் பார்த்தேன்.

இரத்த அழுத்தம், சர்க்கரை எழுதும் அதே தாளில், இன்று எத்தனை நிமிடம் வெளியே இருந்தார் என்று ஒரு கட்டம் போடுங்கள். எழுதாததை யாரும் செய்யமாட்டார்கள். ஒருவருக்குப் புதிதாகத் தூக்க மாத்திரை தொடங்கும் முன், அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. அப்பாவின் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த முடியுமா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேச இந்த மாதத்துக்குள் ஒரு நேரம் கொடுங்கள்.

இனி எந்தக் கதவைப் பூட்டுவதாக இருந்தாலும், அதற்குள் வாழ்பவர்களைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டுப் பூட்டுங்கள், எந்தத் தேதியில் திறக்கும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். இந்த மடலுக்குப் பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும்.

கடைசியாக ஒன்று. மரத்தடிப் பெஞ்சு 42 காலடி தூரத்தில் இருக்கிறது. அப்பாவால் இப்போது பத்துதான் முடியும். கதவிலிருந்து பத்தாவது காலடியில் இன்னொரு பெஞ்சு போடுங்கள். செலவை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இல்லத்தில் வாழும் ஒருவரின் மகன்